கடலைக் காட்டுக்குக் குடிபோன பால்வாடி

முதல் நாள்

நான் பால்வாடி டீச்சராகச் சேர்ந்த அன்று முதலில் அழுதவன் தங்கராசு. மூன்று வயது. அவன் அம்மா அவனை வாசலில் இறக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டாள். அவன் வாயைத் திறந்தான். அவனைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பெண் அழுதாள். அவளைப் பார்த்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மூலையில் சிவனே என்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த பையன் வரைக்கும் அழுகை போய்ச் சேர்ந்துவிட்டது.

பயிற்சியில் அபிநயப் பாட்டு சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பழைய துணியில் பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஓர் அறை முழுக்கப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நான் பாடினேன். என் குரல் கேட்கக்கூடாது என்று இன்னும் ஓங்கி அழுதார்கள். முயல் மாதிரி குதித்துக் காட்டினேன். வாசலில் நின்ற ஆடு பயந்து ஓடியது. கடைசியில் எனக்கே தாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து நானும் அழ ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

டக்கென்று அறை அமைதியானது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பெரியவர்கள் அழுவதை இவ்வளவு கிட்டத்தில் அவர்கள் பார்த்ததில்லை போலும். தங்கராசு எழுந்து வந்தான். என் முகத்துக்கு நேரே குனிந்து நன்றாகப் பார்த்தான். பிறகு, எப்போதோ கழற்றிப் போட்டிருந்த தன் டிரவுசரை எடுத்து வந்து என் கண்ணைத் துடைத்துவிட்டான்.

அடுப்படியில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்த ஆயா அஞ்சலை அக்கா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், நாளைக்கும் இதே மாரி அழுவுங்க. புள்ளைங்க கப்புனு நின்னுடுச்சுங்க பாருங்க" என்றார்.

அன்று மாலை பஸ்ஸில் அரியலூர் திரும்பும்போது சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

எந்த ஸ்கூல் டீச்சர்?

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. அரியலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் ஒரு தாலுகா. எங்கள் அப்பா அரியலூர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன், கொடி காட்டி ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. என் பெயர் மங்கையர்க்கரசி. ஊரில் 'மங்க டீச்சரு'. பால்வாடி இருந்தது திருமழபாடி ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடை தாண்டி நடக்க வேண்டும்.

அப்பாவுக்கு நான் டீச்சர் என்பதில் பெருமை. பால்வாடி என்பதில் இல்லை. குவார்ட்டர்ஸில் யாராவது கேட்டால், "பாப்பா டீச்சரா இருக்கு" என்பார். எந்த ஸ்கூல் என்று கேட்டால் கையை தெற்கே வீசி, "அந்தப் பக்கம்" என்பார். அவர் வீசும் கை எந்த ஊரையும் குறிக்காது. அந்தப் பக்கம் கொள்ளிடம் வரைக்கும் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன.

நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அரியலூரில் சிமெண்ட் ஆலை ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆள் எடுக்கும் காலம். ஃபேனுக்குக் கீழே நாற்காலி, மாதம் பிறந்தால் சம்பளம். எங்களுக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்றே சொல்லக்கூடாது, மதிப்பூதியம் என்பார்கள். ஊதியமும் சிறிசு, மதிப்பும் சிறிசு. பஸ்ஸில் கண்டக்டர் ஒருநாள், "என்ன டீச்சர், இன்னிக்கு கஞ்சியா உப்புமாவா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அன்று முழுக்க எனக்கு மூஞ்சி சுண்டிப்போயிருந்தது.

ஆனால் அதே ஊரில், குழாயடியில் ஒரு தாய் என்னை நிறுத்தி, "டீச்சர், நேத்து ராத்திரி சோத்துக்கு உக்கார சொல்ல எம் புள்ள தானா போய் கைய கழுவிட்டு வந்துச்சு. அவங்க அப்பாவையும் எழுப்பி கழுவ வெச்சுடுச்சு" என்று சொன்னால் போதும். கால் தரையில் பாவாது. ஓடையைத் தாண்டி வந்ததே நினைவிருக்காது.

வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. காலையில் பிடிக்கும், பத்து மணிக்குப் பிடிக்காது, உப்புமா நேரத்தில் மறுபடி பிடிக்கும். அஞ்சலை அக்கா வராத நாளில் சுத்தமாகப் பிடிக்காது. அவர் வந்தால், அரிசி குத்துகிற மாதிரி கையை ஆட்டி ஒரு பாட்டும் பாடி, அதற்கு நடுவே இரண்டு பிள்ளைகளின் மூக்கையும் துடைத்து, "என்ன டீச்சர், மூஞ்சி இப்படி இருக்கு? நீங்க இப்படி இருந்தா புள்ளைங்களுக்கு ஜுரம் வந்துரும்" என்பார்.

காலி பால்வாடி

ஐப்பசியில் மழை விட்டு விட்டுப் பெய்தது. மண் இளகியது. கடலை பறிக்க ஆள் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்தில் கடலை பறிப்பு வந்தால் ஊரில் பெண்கள் ஒருத்தியும் வீட்டில் இருக்கமாட்டாள். கூலியாகக் கடலையே கிடைக்கும். விடிவதற்குள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். பால்வாடி திறக்கும் நேரம் வரை யார் காத்திருப்பது?

முதல் நாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. பிறகு ஐந்தாறு பேர். ஒருநாள் தங்கராசு மட்டும் வந்தான். அவனும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும் இல்ல. நானும் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்கு முக்கிய சேவிகா வந்தார். ஜெயசீலி அம்மா. எங்களுக்கு மேலதிகாரி. குடையை ஊன்றிக்கொண்டு வருவார். வந்ததும் முதலில் உப்புமாவை ருசி பார்ப்பார், அப்புறம்தான் மற்றது. அன்று அண்டா நிறைய உப்புமா இருந்தது. சாப்பிடத்தான் ஆள் இல்லை.

"மங்கை, நல்லா கேட்டுக்க. பெரிய ஆபீசர் ஒருத்தர் எல்லா சென்டரையும் பாக்க கிளம்பியிருக்காரு. புள்ளைங்க வராத சென்டரை எடுத்து வேற ஊருக்குக் குடுத்துடறாங்க. ஏற்கெனவே ஒண்ணு போயிடுச்சு."

"நம்ம ஊருக்கு என்னிக்கும்மா வராரு?"

"சொல்லிட்டு வரமாட்டாரு. அதான் பிரச்சினை."

அவர் போனதும் அஞ்சலை அக்கா அடுப்பை அணைத்தார். சென்டர் போனால் அவர் வேலையும் போய்விடும். ஊரில் அரைப் பட்டினிப் பிள்ளைகளுக்கு அந்த ஒருவேளை உப்புமாவும் போய்விடும். எனக்காவது அப்பா டைப்பிஸ்ட் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார்.

"புள்ளைங்க எங்க இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"பெரியசாமி ஐயா காட்டுல. மரத்தடியில தூளி கட்டிப் போட்டிருக்காளுங்க. பெருசுங்க மண்ணுல கெடக்குதுங்க."

"அப்ப நாமளும் அங்க போயிடுவோம்க்கா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டி, உப்புமா அண்டாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நடங்க" என்றார்.

காட்டில்

பெரியசாமி ஐயா சாதாரண ஆள் இல்லை. அவர் காட்டில் காக்கா உட்கார்ந்தாலும் யார் வீட்டுக் காக்கா என்று கேட்பார். நாங்கள் பாய், பொம்மைக் கூடை, கரும்பலகை, உப்புமா சகிதம் வரப்பில் வருவதைப் பார்த்து எழுந்து நின்றார்.

"என்னம்மா இது, குடி மாறி வரீங்களா?"

"பால்வாடிய கொஞ்ச நாளைக்கு இங்க நடத்திக்கிறோம்ங்க. மரத்தடி போதும்."

"காட்டுல என்ன பள்ளிக்கூடம்? புள்ளைங்க கடலைய தின்னே தீத்துடும்."

"இப்ப மட்டும் தின்னாம இருக்குதுங்களா ஐயா?"

அவர் மரத்தடியைப் பார்த்தார். பிள்ளைகள் வாய் நிறையப் பச்சைக் கடலையோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருத்தி மென்றபடியே இல்லை என்று தலையாட்டினாள். அதற்குள் நடுக்காட்டிலிருந்து ஒரு தாய், தூளியில் பிள்ளை அழும் சத்தம் கேட்டு, பறித்த செடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி.

"பாருங்க ஐயா. இப்படி ஓடி ஓடி வந்தா எப்பங்க கடல பறிச்சு முடியும்? நாங்க பாத்துக்கிட்டா அவங்க குனிஞ்ச தல நிமிரமாட்டாங்க" என்றார் அஞ்சலை அக்கா.

பெரியசாமி ஐயா துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, சரி. ஆனா பாட்டு கீட்டு பாடக்கூடாது" என்றார்.

முதல் நாளே பாடினோம். பாட்டு நானே கட்டியது.

'கடல கடல எங்க இருக்க?
மண்ணுக்குள்ள தூங்கி இருக்க!
இழுத்தா வருவியா?
வருவேன் வருவேன்
வாலோட வருவேன்!'

'வாலோட' என்று வரும்போது எல்லோரும் பின்னால் கையை வைத்து ஆட்ட வேண்டும். கடலை பறிக்கும் பெண்களும் வரிசையில் குனிந்தபடியே பாடினார்கள். செடியை ஒரே இழுப்பாக இழுத்து, மண்ணை உதறி, ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுக் குவியலில் போட்டார்கள். மூன்றாம் நாள் பெரியசாமி ஐயா தனியாக மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது அதையே முணுமுணுத்ததை அஞ்சலை அக்கா கேட்டிருக்கிறார்.

கணக்குப் பாடம் மட்டும் கொஞ்சம் கஷ்டம். "ரெண்டு கடலையும் ஒரு கடலையும் சேர்ந்தா எத்தன?" என்று கேட்டால், தங்கராசு கையை விரித்துக் காட்டி, "ஒண்ணும் இல்ல டீச்சர், தின்னாச்சு" என்பான்.

தூளிப் பிள்ளைகள், வராமலே இருந்த பக்கத்துத் தெருப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, அறையில் இருந்ததைவிட அதிகப் பிள்ளைகள். மாலையில் நான் மண்ணும் கடலைத் தோலுமாக வீடு திரும்புவேன். அப்பா வாசலிலேயே என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். நான் சிரித்துக்கொண்டே உள்ளே போவேன். அந்த நாட்களில் எனக்கு வேலை பிடித்திருக்கிறதா என்ற கேள்வியே வரவில்லை. வர நேரம் இல்லை.

ஜீப்

ஒருநாள் நான் கிளம்பிப் போன பிறகு, டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ கார்டு காலை தபாலில் வந்திருக்கிறது. மறுநாளே இன்டர்வியூ. அப்பாவுக்கு நான் மாலை திரும்பும்வரை பொறுக்கவில்லை. நைட் டூட்டி முடிந்த கையோடு, யூனிஃபாரம்கூட மாற்றாமல், பஸ் ஏறி முதல்முறையாக எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். பால்வாடி பூட்டியிருந்தது. வாசலில் நின்று என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. உள்ளே பெரிய ஆபீசரும் ஜெயசீலி அம்மாவும்.

"யாருங்க நீங்க? டீச்சர் எங்க?" என்று ஆபீசர் கேட்டிருக்கிறார்.

தெற்கே கையை வீசிவிட்டுத் தப்பிக்க அங்கே வழியில்லை. "நான் பால்வாடி டீச்சரோட அப்பாங்க" என்று சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் முதல்முறை. அந்த வழியாகப் போனவர் ஒருவர் காட்டைக் காட்ட, அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியிருக்கிறது.

நாங்கள் வாலாட்டிக்கொண்டிருந்தோம். ஜீப் சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பிள்ளைகள் அத்தனையும் பாதையை நோக்கி ஓட்டம். ஜீப்காரர் பிரேக் போட்டார். ஈரச் செம்மண். பின்சக்கரம் சுற்றியது, இறங்கியது, நின்றுவிட்டது. முன்னால் ஆபீசர் இறங்கினார். ஒரு கால் வெளியே வந்தது, ஷூ சேற்றிலேயே நின்றுவிட்டது. அதற்குள் ஜீப்பின் பின்பக்கத்தில் பிள்ளைகள் ஏறியாகிவிட்டது. ஹாரன் அலறியது. ஜீப்புக்குள்ளிருந்து எங்கள் அப்பாவின் முகம் தெரிந்தது. அவர் மடியில் இரண்டு பேர்.

ஆபீசர் ஒற்றை ஷூவோடு வந்தார்.

"சென்டர் பூட்டிக் கெடக்கு. டீச்சர் காட்டுல இருக்கீங்க. இது என்னம்மா, பிக்னிக்கா?"

"சார், புள்ளைங்க இங்கதான் சார் இருக்கு. அதான் சென்டரும் இங்க வந்துடுச்சு."

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியசாமி ஐயா வரப்பில் ஓடி வந்தார். "என்னைக் கேட்டுத்தாங்க. இது என் காடு" என்றார். "டீச்சரம்மா வந்ததுலேருந்து பொம்பளைங்க கீழ வெச்ச கைய எடுக்கல. யாரும் எதுவும் சொல்லப்படாது."

ஆபீசர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். முன்னால் வள்ளி நின்றாள். நான்கு வயது. யாருக்கும் பயப்படமாட்டாள்.

"உன் பேரென்ன பாப்பா?"

"வள்ளி. உன் பேரென்ன?"

ஜெயசீலி அம்மா குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஆபீசர் தன் பெயரைச் சொன்னார். வள்ளி அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஒற்றை ஷூவைப் பார்த்தாள்.

"உங்கம்மா எங்க? கடல பறிக்கப் போயிருக்கா?"

அவர் மெதுவாகச் சொன்னார். "எங்கம்மா... நாத்து நடப் போவாங்க."

"ஒன்ன எங்க வுட்டுட்டுப் போவும்?"

"வரப்புல."

"தனியாவா?"

"ம்."

வள்ளி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுவாத. சாயங்காலம் வந்துரும்" என்றாள்.

அவர் அழவில்லை. ஆனால் அங்கே விரித்திருந்த சாக்கில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். தங்கராசு அவருடைய ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்தான். அது நிறையக் கடலை. தன் பங்கை அதில்தான் போட்டு வைத்திருந்தான். அஞ்சலை அக்கா ஓர் இலையில் உப்புமா கொண்டுவந்து நீட்டினார். ஆபீசர் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் ஜெயசீலி அம்மாவைப் பார்த்து, "கடலை முடியற வரைக்கும் மாற்று இடம்னு எழுதிக்குங்க" என்றார். "எல்லா ஊர்லயும் இப்படிச் செய்ய முடியுமான்னு கேட்டுப் பாருங்க."

அப்புறம் ஜீப்பை எடுக்க வேண்டியிருந்தது. கடலை பறித்த பெண்கள் ஒருபக்கம் தள்ள, ஆபீசர் பேண்ட்டை மடித்துவிட்டு இன்னொரு பக்கம் தள்ள, எங்கள் அப்பா முன்னால் போய் நின்றார். ஸ்டேஷனில் எத்தனையோ வண்டிகளுக்கு வழி காட்டியவர். பாக்கெட்டிலிருந்து பச்சைக் கொடியை எடுத்து விரித்து, விசிலை ஊதினார். ஜீப் ஏறி வந்தது. பிள்ளைகள் கத்திய கத்தில் மரத்தில் ஒரு பறவை இல்லை. அத்தோடு விட்டார்களா? அப்பாவின் சட்டையைப் பிடித்து ஒருவன், அவன் சட்டையைப் பிடித்து இன்னொருத்தி என்று ரயில் தொடங்கிவிட்டது. யூனிஃபாரம் போட்ட பாயிண்ட்ஸ்மேன் முன்னால் கூவிக்கொண்டு போக, கடலைக் காட்டைச் சுற்றி ரயில் ஓடியது. மூச்சு வாங்கியும் அவர் நிற்கவில்லை. நிற்கவிட்டால்தானே.

கார்டு வந்த விஷயத்தை அவர் பஸ்ஸில்தான் சொன்னார். அதுவும் பாதி வழிக்கு மேல்.

இன்டர்வியூ

மறுநாள் காலை அப்பா சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து ஆலை ஆபீசுக்குக் கொண்டுபோய் விட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். டைப்படிக்கச் சொன்னார்கள். நன்றாகவே அடித்தேன்.

"இப்ப என்ன வேலை பாக்குறீங்க?"

"பால்வாடி டீச்சர் சார்."

"அங்க என்ன செய்வீங்க?"

சொல்ல ஆரம்பித்தேன். எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. காடு, சாக்கு, ஷூ, ஜீப் என்று போய்க்கொண்டே இருந்தேன். மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பாட்டைப் பாடச் சொன்னார்கள். பாடினேன். 'வாலோட' வந்ததும் என்னையறியாமல் கை பின்னால் போய்விட்டது.

நடுவில் இருந்த வயதானவர் கேட்டார். "ஏம்மா, இங்க வந்தா காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வாய தொறக்காம லெட்டர் அடிக்கணும். உன்னால முடியுமா?"

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். ஃபேன் நன்றாக இருந்தது. நாற்காலியும் நன்றாக இருந்தது.

"முடியாதுங்க சார்" என்றேன்.

வெளியே அப்பா வேப்பமரத்தடியில் சைக்கிளோடு நின்றார். "என்ன ஆச்சு?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன்ப்பா."

அவர் சைக்கிள் பெல்லை இரண்டு தரம் தேய்த்துப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"சரி, ஏறு. பஸ்ஸுக்கு நேரமாச்சு. புள்ளைங்க வந்துருக்கும்" என்றார்.

இப்போது வேலைக்கு வரும் பெண்களுக்கு

அதே சென்டரில்தான் ஓய்வு பெற்றேன். இப்போது அங்கன்வாடி என்கிறார்கள். புதிதாகச் சேரும் பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள், இந்த வேலையில் எப்படி இத்தனை வருடம் சந்தோஷமாக இருந்தீர்கள் என்று. சந்தோஷமாகவே இருந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஊதியம் பற்றாது. கேளுங்கள், விடாமல் கேளுங்கள், நாங்களும் கொடி பிடித்தோம். அஞ்சலை அக்கா மாதிரி ஒருவர் பக்கத்தில் இருந்தால் வேலையில் பாதி பாரம் இறங்கிவிடும். அப்படி ஒருவர் கிடைத்தால் அவரை வேலைக்காரியாக நடத்தாதீர்கள். உங்கள் வீட்டு ஆட்கள் ஒரு தரமாவது நீங்கள் வேலை செய்வதை வந்து பார்க்கட்டும். பார்க்காத வேலைக்கு யாரும் மரியாதை தரமாட்டார்கள்.

இன்னொன்று. மேலதிகாரிகள் யாராவது சென்டருக்கு வந்தால் பதறிக்கொண்டு நாற்காலி தேடி ஓடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தவருக்குச் சுவரும் பொருட்களும்தான் கண்ணில் படும். ஒரு பாயை விரித்து, "உக்காருங்க சார்" என்று மட்டும் சொல்லுங்கள். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.